தொட்டியில் எட்டு

எங்கள் கவுண்டியில், அதாவது மாவட்டத்தில், மனிதர்களைவிட மாடுகள் அதிகம். அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலம் முழுக்கவே ஆளுக்கு மூன்று மாடு என்கிற கணக்குதான், எங்கள் பக்கம் அது இன்னும் கூடும். ஊர் என்று நான் சொல்வது ஒரு தானியக் கிடங்கு, ஒரு பள்ளிக்கூடம், நாலு சர்ச், ஒரு பெட்ரோல் பங்க், கோர்ட் கட்டடம், அப்புறம் 25 படுக்கை மருத்துவமனை. அந்த 25 படுக்கையால்தான் நாங்கள் இங்கே இருக்கிறோம்.

என் கணவர் நியூயார்க்கின் ப்ராங்க்ஸில் ரெசிடென்சி என்கிற டாக்டர் பயிற்சி செய்தது ஜே-1 விசாவில். படிப்பு முடிந்ததும் இரண்டு வருடம் சொந்த நாட்டில் போய் இருந்துவிட்டுத்தான் திரும்ப வரலாம் என்பது அந்த விசாவின் விதி. போகாமல் இருக்க ஒரு வழி உண்டு. டாக்டர் கிடைக்காத ஊரில் மூன்று வருடம் வேலை பார்க்க வேண்டும். 1994-இல் வந்த கான்ராட் திட்டம் இது, மாநிலத்துக்கு வருடம் 30 இடம். அமெரிக்காவில் வரைபடத்தில் தேடினால்கூடக் கிடைக்காத ஊரில் திடீரென்று ஒரு ஹைதராபாத் டாக்டரோ திருச்சி டாக்டரோ லாகூர் டாக்டரோ தட்டுப்படுவார். அதன் ரகசியம் இவ்வளவுதான்.

அவருக்கு எச்-1பி வேலை விசா, எனக்கு அவர் மனைவி என்பதால் எச்-4. ப்ராங்க்ஸில் அதே மாதிரி ஜே-2வில் இருந்தபோது எனக்கு வேலை செய்ய அனுமதி இருந்தது. ஒரு ஆய்வகத்தில் ரத்தக் குழாய்களுக்கு லேபிள் ஒட்டினேன். பெரிய உத்தியோகம் ஒன்றுமில்லை, ஆனால் சம்பளச் சீட்டில் என் பெயர் இருந்தது. விசா மாறிய அன்றே அது போயிற்று. கார் ஓட்டவும் தெரியாது, சப்வே இருந்த ஊரில் அதற்கு அவசியம் வரவில்லை. கையில் இரண்டு வயதுப் பையன். ஜன்னலுக்கு வெளியே சோளம். அவருக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஆன்-கால், எந்நேரம் கூப்பிட்டாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

மூன்று மாதம் இப்படிப் போனது. நான் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பத்துப் பேர் வந்திருப்பார்கள் என்று இப்போது தெரிகிறது. அப்போது கேட்கத் தோன்றவில்லை என்பதை இங்கேயே எழுதி வைக்கிறேன், ஏனென்றால் பின்னால் ஒரு தாத்தாவைப் பற்றி நான் கொஞ்சம் எரிச்சலோடு எழுதப் போகிறேன்.

மருத்துவமனை வரவேற்பில் இருக்கும் பெண்தான் ஒரு நாள், "ஹேண்டி-பஸ்ஸைக் கூப்பிடேன்" என்றாள். வெள்ளை நிறம், பன்னிரண்டு சீட், பின்னால் சக்கர நாற்காலியை ஏற்றும் லிஃப்ட். நான் அதைப் பார்த்திருக்கிறேன். "அது வயசானவங்களுக்கு இல்லையா?" என்றேன். எல்லோரும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்களாம். 50,000 பேருக்குக் குறைவான ஊர்களில் பொதுப் போக்குவரத்து நடத்த மத்திய அரசு தருகிற பணத்தில் ஓடும் பஸ் அது. அந்தப் பணத்தை வாங்கினால் யார் கூப்பிட்டாலும் ஏற்றித்தான் ஆக வேண்டும். முந்தின நாளே போன் செய்து நேரம் சொல்லிவிட்டால் வாசலுக்கு வரும்.

மறுநாள் வாசலுக்கு வந்தது. டிரைவருக்கு எழுபது வயதிருக்கும், முன்னாள் விவசாயி. பையனின் கார் சீட்டை என் கையிலிருந்து வாங்கி, முழங்காலால் அழுத்திப் பட்டையை இறுக்கி, அசைத்துப் பார்த்துவிட்டு "எங்கே?" என்றார். நூலகம் என்றேன். புதன்கிழமை பத்து மணிக்கு அங்கே குழந்தைகளுக்குக் கதை சொல்வார்கள். பஸ்ஸில் இருந்த நாலு பேருக்கும் எண்பதுக்கு மேல். ஒருவர் முடி திருத்த, இருவர் சீனியர் சென்டர் என்கிற முதியோர் மையத்துக்குச் சாப்பிட, ஆக்சிஜன் சிலிண்டரை இழுத்துக்கொண்டு வந்த ஒரு பாட்டி பிசியோதெரபிக்கு. அந்தப் பாட்டி என் பையனின் கன்னத்தைத் தொடலாமா என்று அனுமதி கேட்டுவிட்டுத் தொட்டார். மூன்று மாதத்தில் எங்கள் வீட்டுக்கு வெளியே என் பிள்ளையைத் தொட்ட முதல் ஆள் அவர்தான். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தூசி என்று சொன்னேன். சோள அறுவடைக் காலம், நம்பினார்கள்.

நூலகப் பொறுப்பாளர்தான் நடமாடும் நூலகத்தின் கதையைச் சொன்னார். 1905-இல் மேரிலாந்து மாநில வாஷிங்டன் கவுண்டியில் மேரி டிட்கோம் என்ற நூலகர், பண்ணை வீடுகளில் இருப்பவர்கள் நூலகத்துக்கு வரமாட்டார்கள் என்று பார்த்துவிட்டு, குதிரை வண்டியில் புத்தகத்தை ஏற்றி அனுப்பினாராம். ஐந்து வருடம் ஓடிய வண்டியை ஒரு சரக்கு ரயில் மோதி நொறுக்கியது. பிறகு மோட்டார் வண்டி வாங்கினார்கள். இதைச் சொல்லிவிட்டு அவர் என்னைப் பார்த்து, "சீனியர் சென்டரில் சாப்பாடு கொண்டுபோக ஆளில்லை, தெரியுமா?" என்றார். எனக்கு டிரைவிங் தெரியாதே என்றேன். "அது நாலு மாதத்து விஷயம்" என்றார்.

நாலு மாதமும் பதினோரு நாளும் ஆனது. லைசென்ஸ் பரிசோதகர் எங்கள் கோர்ட் கட்டடத்துக்கு வாரம் ஒரு நாள்தான் வருவார், அன்று பனி பெய்தால் அடுத்த வாரம். ஹேண்டி-பஸ் டிரைவர்தான் மாலையில் வந்து சொல்லிக்கொடுத்தார், தன் சொந்த டிரக்கில். "நீ பாஸானால் எனக்கு ஒரு பயணி குறையும்" என்று அலுத்துக்கொண்டே.

சாப்பாட்டு விஷயத்துக்கு வருகிறேன். முதியவர்களின் வாசலுக்கே சாப்பாட்டைக் கொண்டுபோய்க் கொடுப்பது, இங்கே மீல்ஸ் ஆன் வீல்ஸ் என்றால் எல்லோருக்கும் புரியும். 1954-இல் ஃபிலடெல்ஃபியாவில் தொடங்கிய வழக்கம். பிற்பாடு 1965-இல் லிண்டன் ஜான்சன் கையெழுத்திட்ட முதியோர் சட்டத்தில் 1972-இல் உணவுத் திட்டத்தையும் சேர்த்தார்கள். அந்தச் சட்டத்தில் எனக்குப் பிடித்த ஒரு விஷயம், அறுபது வயதாகியிருந்தால் போதும், வருமானம் எவ்வளவு என்று கேட்கக் கூடாது. சாப்பாட்டோடு ஒரு உறை போகும். அதில் இயன்றதைப் போடலாம், போடாவிட்டாலும் சாப்பாடு நிற்காது. ஒரு வீட்டில் ஐந்து டாலர் இருக்கும். ஒரு வீட்டில் மூன்று குவார்ட்டர் நாணயத்தை டிஷ்யூவில் சுற்றி வைத்திருப்பார்கள். யார் எவ்வளவு போட்டார் என்று நான் பார்க்கக் கூடாது. டிஷ்யூ கனத்தால் கைக்குத் தெரிந்துவிடுகிறது, என்ன செய்ய.

என் ரூட் 42 மைல், ஒன்பது வீடு. பத்தே முக்காலுக்கு சென்டரின் சமையலறைப் பின்வாசலில் நிற்க வேண்டும். சமையற்கார அம்மா ஒவ்வொரு தட்டிலும் தெர்மாமீட்டரைக் குத்திப் பார்ப்பார். சூடானது 135 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே இறங்கக் கூடாது, குளிர்ந்தது 41-க்கு மேல் ஏறக் கூடாது. சிவப்புப் பை சூட்டுக்கு, நீலப் பை பாலுக்கும் பழத்துக்கும். கொத்துக்கறியைப் பிசைந்து சுட்ட மீட்லோஃப், மசித்த உருளைக்கிழங்கு, பீன்ஸ், ஒரு ரொட்டி உருண்டை. எனக்கு அந்த வாசனை இன்னும் பழகவில்லை. என் காருக்குப் பழகிவிட்டது.

இங்கே சாலைகள் எல்லாம் மைலுக்கு ஒன்று, சதுரம் சதுரமாக. 1785-இல் வந்த நில அளவைச் சட்டம் காகிதத்தில் போட்ட கட்டம். அதனால் வழி தவறவே முடியாது என்பார்கள். எனக்குத் தவறியது, முதல் வாரத்திலேயே இரண்டு முறை. எல்லாச் சதுரமும் ஒரே மாதிரி இருந்தால் எது எந்தச் சதுரம்?

பயிற்சியில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். சாப்பாட்டை வாசலில் வைத்துவிட்டு வராதே. ஆள் முகத்தைப் பார். பார்க்க முடியாவிட்டால் சென்டருக்குப் போன் செய். அவர்கள் பிள்ளைகளைக் கூப்பிடுவார்கள், அவர்களும் கிடைக்காவிட்டால் ஷெரிஃப் அலுவலகம். உணவுத் திட்டம் என்று காகிதத்தில் எழுதியிருக்கிறதே தவிர, வாசலில் நடப்பது அந்த அரை நிமிடம்தான்.

எனக்கு வாசலில் இருந்த பெரிய பிரச்சினை வேறு. இங்கே எண்பத்தாறு வயது மனிதரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். எனக்கு நாக்கு எழவில்லை. சார், மேம் என்று தொடங்கினேன். "மேம் என்றால் போலீஸ் வண்டியை நிறுத்தின மாதிரி இருக்கிறது" என்றார் ஒரு பாட்டி. கடைசியில் எதுவுமே சொல்லாமல் சிரிக்கக் கற்றுக்கொண்டேன். பின்சீட்டில் இருக்கும் என் பையனுக்கு அந்தக் கஷ்டமே இல்லை. கதவு திறந்ததும் தாத்தா, பாட்டி என்று கத்துவான். அவர்களும் திரும்பிக் கத்துவார்கள்.

இப்போது அந்தத் தாத்தா. அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றியிருக்கிறேன். ஏழாவது வீடு, சரளைக்கல் சாலையின் கடைசி, காற்றுக்குத் தடுப்பாக ஒரு வரிசை செடார் மரம். மனைவி இறந்து சில வருடம். நிலத்தை வாடகைக்கு விட்டுவிட்டு வீட்டில் தனியாக இருந்தார்.

அக்டோபரில் கதவை அகலத் திறந்து, வானிலையைப் பற்றி ஐந்து நிமிடம் பேசினார். நவம்பரில் பாதிக் கதவு. டிசம்பரில் ஒரு கை மட்டும் வெளியே வரும், தட்டை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விடும். மூட்டுகள் புடைத்த, நகத்தடியில் கிரீஸ் ஏறிய, சட்டையின் மேல் சட்டை போட்ட கை. எனக்குக் கோபம் வந்தது. 42 மைல் ஓட்டிக்கொண்டு வருகிறேன், முகத்தைக்கூடக் காட்ட மாட்டேன் என்கிறாரே என்று. வெளிநாட்டுக்காரி என்பதாலோ என்றும் ஒரு நாள் நினைத்தேன். இரண்டு நாள் நினைத்தேன்.

ஜனவரியில் காற்றோடு சேர்த்து மைனஸ் இருபது ஃபாரன்ஹீட் போன ஒரு நாள், முகம் பார்க்காமல் போகக் கூடாது என்ற விதியைச் சாக்காக வைத்து, "உள்ளே வரலாமா, கை விறைத்துவிட்டது" என்றேன். பொய்யும் இல்லை. விட்டார். உள்ளே போனதும் நான் பேசியபோது என் வாயிலிருந்து புகை வந்தது. வீட்டுக்குள்ளே! ஹாலுக்கும் மாடிப்படிக்கும் போகும் வழிகளில் ரஜாய்களை ஆணி அடித்துத் தொங்கவிட்டிருந்தார், அவர் மனைவி கையால் தைத்தவை. சமையலறையில் மட்டும் ஒரு மின்சார ஹீட்டர், அதன் முன்னால் ஒரு நாற்காலி, அவ்வளவுதான் அவர் வாழ்ந்த இடம். சுவரில் தெர்மோஸ்டாட் 50 ஃபாரன்ஹீட்டில் நின்றது. தண்ணீர்க் குழாய் உறைந்து வெடிக்காமல் இருக்க மட்டும் அவ்வளவு. கதவை அகலத் திறக்காததற்குக் காரணம் நான் இல்லை. சூடு.

பண்ணை வீடுகளுக்குக் குழாய் எரிவாயு வராது. முற்றத்தில் வெள்ளையாக ஒரு ப்ரொப்பேன் தொட்டி படுத்திருக்கும், பெரும்பாலும் 500 கேலன். வெயிலில் விரியும் என்பதால் எண்பது சதவீதத்துக்கு மேல் நிரப்ப மாட்டார்கள். மேலே ஒரு மூடி, அதைத் தூக்கினால் கடிகாரம் போல ஒரு காட்டி. வெளியே வந்ததும் தூக்கிப் பார்த்தேன். ஒரு பழைய குளவிக்கூடு, அதற்குப் பக்கத்தில் முள். எட்டு சதவீதம்.

கொஞ்சம் பேச வைத்ததில் தெரிந்தது இது. போன குளிர்காலத்துப் பாக்கி நிற்கிறது, அதைக் கட்டாமல் கம்பெனி நிரப்பாது. நிரப்பினாலும் இவ்வளவு கேலனுக்குக் குறைந்து கொண்டுவர மாட்டார்கள். தொட்டி முழுதாகக் காலியானால் கசிவுப் பரிசோதனை செய்த பிறகே நிரப்புவார்கள், அதற்குத் தனிக் கட்டணம். ஆக, பணம் இல்லாதவனுக்குத்தான் அதிகச் செலவு. மகன் டென்வரில் இருக்கிறான், அவனிடம் சொல்லவில்லை. "அவனுக்கு அவன் பாடு." அரசாங்க உதவி? "அது கஷ்டப்படுகிறவர்களுக்கு." வாயிலிருந்து புகை வர வர இதைச் சொன்னார்.

1981-லிருந்து ஒரு மத்தியத் திட்டம் இருக்கிறது, இங்கே லைஹீப் என்பார்கள், வீட்டைச் சூடாக்குவதற்கான உதவி. அதன் சட்டத்தில் நெருக்கடி உதவிக்குக் கடிகாரம் வைத்திருக்கிறார்கள். 48 மணி நேரத்துக்குள் தீர்வு, உயிருக்கு ஆபத்தென்றால் 18 மணி நேரம். படித்தபோது எனக்கு ஒரே மகிழ்ச்சி. பிறகுதான் கவனித்தேன், அந்தக் கடிகாரம் விண்ணப்பித்த நொடியிலிருந்துதான் ஓடும். அவர் விண்ணப்பிக்கவில்லையே.

காரிலேயே உட்கார்ந்து 211 அடித்தேன். எந்த உதவி எங்கே என்று சொல்லும் எண், 2000-இல் நாடு முழுவதற்கும் ஒதுக்கினார்கள். எடுத்த பெண் மிகவும் பொறுமைசாலி, மூன்று எண்கள் கொடுத்தாள். ஒன்று புழக்கத்தில் இல்லை. இரண்டாவதில் 47 நிமிடம் சாக்சஃபோன். பின்சீட்டில் பையன் தூங்கிவிட்டான், எட்டாவது வீட்டுச் சாப்பாடு ஆறிக்கொண்டிருந்தது. எடுத்தவர், விண்ணப்பதாரர் பேசினால்தான் உண்டு என்றார். அவருக்குக் காது சரியாகக் கேட்காது என்றேன். அப்படியானால் ஆன்லைனில் செய்யலாமே என்றார். அந்த வீட்டில் இன்டர்நெட் இல்லை, என் போனிலேயே அங்கே ஒரு கோடுதான் காட்டும். "நூலகத்துக்கு வரச் சொல்லுங்கள்" என்றார். சரளைச் சாலை, பனி, எண்பத்து மூன்று வயது. போனில் பேசியவர் மேல் தப்பில்லை, திரையில் என்ன இருக்கிறதோ அதைப் படிக்கிறார். ஆனாலும் அன்று போனை சோளக்காட்டில் எறியலாம் போலிருந்தது.

மூன்றாவது எண்தான் வேலை செய்தது. கம்யூனிட்டி ஆக்‌ஷன் என்று நாடு முழுக்க ஆயிரத்துக்குக் கிட்ட அமைப்புகள் உண்டு, 1964-இல் ஜான்சனின் வறுமை ஒழிப்புச் சட்டத்தில் பிறந்தவை. பக்கத்துக் கவுண்டியில் இருந்த அதன் சின்ன ஆபீஸில் ஒரு பெண் எடுத்தாள். முதல் கேள்வி, "தொட்டியில் எவ்வளவு இருக்கிறது?" இரண்டாவது, "அவர் வீட்டில் நாய் உண்டா?" மறுநாள் காலை தன் காரில் வந்துவிட்டாள். விண்ணப்பத்தைச் சமையலறை மேஜையில் வைத்து, கத்திக் கத்திக் கேட்டு நிரப்பினாள். அவர் கையெழுத்துப் போட மாட்டேன் என்று பேனாவை மேஜையில் வைத்துவிட்டார்.

அங்கேதான் என் பையன் செய்த காரியம். அவர் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு என்னிடம், "அம்மா, தாத்தா கை ஜில்லுன்னு இருக்கு" என்றான். என்ன சொல்கிறான் என்று கேட்டார். சொன்னேன். கொஞ்ச நேரம் ஹீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம், "குழந்தை வரும் நாளில் வீடு சூடாக இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். தனக்காக இல்லையாம். சரி, அப்படியே இருக்கட்டும். அந்தப் பெண் கண் இமைக்காமல் தாளை இழுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். மறுநாள் மாலை ப்ரொப்பேன் டிரக் வந்தது.

மே மாதம் அதே அமைப்பிலிருந்து வீட்டின் காற்றோட்டத்தைச் சோதிக்க இரண்டு பேர் வந்தார்கள். 1976-லிருந்து நடக்கும் திட்டம், முதியவர்களுக்கு முன்னுரிமை. வாசல் கதவைத் திறந்து, அதன் நிலையில் சிவப்புத் துணியை இறுக்கிக் கட்டி, நடுவில் ஒரு பெரிய விசிறியைப் பொருத்தினார்கள். அது வீட்டிலுள்ள காற்றை வெளியே இழுக்கும். வெளிக்காற்று எங்கெல்லாம் சந்து இருக்கிறதோ அங்கெல்லாம் உள்ளே பாயும். "இங்கே கையை வையுங்கள்" என்று சுவரில் ப்ளக் சொருகும் இடத்தைக் காட்டினார்கள். வைத்தேன். யாரோ ஊதுவது போல இருந்தது. ஜன்னல் ஓரம், சரம் விளக்கு மாட்டிய ஆணியின் ஓட்டை, பரணின் மூடி, எங்கும் காற்று. தாத்தா ஒவ்வொரு இடமாகக் கையை வைத்துக்கொண்டே வந்தார். கடைசியில் நாற்காலியில் உட்கார்ந்து, "ஐம்பத்தெட்டு வருஷமாக அந்த வயலுக்குச் சூடு போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்" என்று சிரித்தார். அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன். கீழ்ப்பல் இரண்டு இல்லை.

இந்த ஊரின் தன்மானம் ஒரு புதிர். தீயணைப்புப் படை முழுக்க வாலன்டியர்கள், டயர் கடைக்காரர்தான் ஆம்புலன்ஸிலும் வருவார். யாருக்காவது புற்றுநோய் என்றால் பள்ளிக்கூட ஹாலில் சூப் சப்பர் வைப்பார்கள். பெரிய அண்டாவில் சில்லி, அதோடு சினமன் ரோல். காரமான பீன்ஸ் குழம்புக்கு இனிப்பு பன்னைத் தொட்டுக்கொள்வது நெப்ராஸ்காக்காரர்களின் பிடிவாதம், நானும் மாறிவிட்டேன். வாசலில் ஒரு காபி டப்பா, இஷ்டப்பட்டதைப் போடலாம். இந்தத் தாத்தா அந்த டிசம்பரில் ஒரு சூப் சப்பரில் டப்பாவுக்குள் நூறு டாலர் போட்டதை நான் கண்ணால் பார்த்தேன். தொட்டி காலியாகிக்கொண்டிருந்த அதே டிசம்பர். கொடுக்கிற வரிசையில் நின்று பழகிய கால் மற்ற வரிசைக்கு நகர மறுக்கிறது. எனக்கு எரிச்சல்தான். ஆனால் ஜன்னல் வழியே சோளத்தைப் பார்த்துக்கொண்டு மூன்று மாதம் யாரையும் கூப்பிடாமல் இருந்தவள் அதிகம் பேசக் கூடாது.

கணவரின் பக்கத்திலிருந்து பார்த்தால் இதே கதை வேறு விதமாகத் தெரிகிறது. அவர் மருத்துவமனையை கிரிட்டிக்கல் ஆக்ஸஸ் என்பார்கள், 1997-இல் சட்டமாக்கிய வகை. 25 படுக்கைக்கு மேல் கூடாது, நோயாளிகள் சராசரியாக 96 மணி நேரத்துக்கு மேல் தங்கக் கூடாது. கிராமத்து மருத்துவமனைகள் மூடிக்கொண்டே போனதால், முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேர் அவற்றுக்கு ஆகிற செலவைக் கணக்குப் பார்த்துக் கொடுக்கட்டும் என்று கொண்டுவந்தார்கள். ஒரு வெள்ளிக்கிழமை இரவு வந்து, "ஒருத்தரை இன்று அனுப்பியிருக்கலாம், வீட்டுக்குக் கூட்டிப்போக ஆளில்லை, திங்கள் வரை வைத்திருக்கிறேன்" என்றார். ஹேண்டி-பஸ் வெள்ளி மாலை ஐந்தோடு சரி. நோயாளியின் பெயரை அவர் சொல்லக் கூடாது, நானும் கேட்கக் கூடாது. என் ரூட்டில் யார் எப்படி இருக்கிறார் என்று நானும் சொல்லக் கூடாது. எங்கள் வீட்டு இரவுச் சாப்பாட்டு மேஜையில் பெயரில்லாத ஆட்கள் நிறைய. பல நாள் இரண்டு பேரும் ஒரே ஆளைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கிறோம் என்று இருவருக்கும் தெரியும். "அந்த மாதிரி ஒருத்தருக்கு வெள்ளிக்கிழமை இரண்டு தட்டாகக் கொடுக்க முடியுமா?" என்று கேட்பார். "அந்த மாதிரி ஒருத்தருக்கு ஏற்கனவே எழுதி வைத்தாயிற்று" என்பேன்.

கம்யூனிட்டி ஆக்‌ஷன் பெண்ணின் யோசனையில் ஒன்று நடந்தது. இப்போது எங்கள் டிரைவர்கள் எல்லோரும் சாப்பாட்டுத் தாளின் ஓரத்தில், அக்டோபரிலிருந்து மார்ச் வரை, மாதம் ஒரு முறை தொட்டியின் எண்ணை எழுதுகிறோம், வீட்டுக்காரர் சம்மதித்தால். முப்பதுக்குக் கீழே போனால் சென்டரிலிருந்து அவளுக்குப் போன் போகும். காசு ஒன்றும் செலவில்லை. மூடியைத் தூக்கும்போது குளவி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

டிரைவர்கள் எல்லோரும் என்று எழுதிவிட்டேன், நாங்கள் ஐந்து பேர். எட்டுப் பேர் இருந்த இடம். அதனால் இப்போது வாரம் மூன்று நாள்தான் சூடான சாப்பாடு, மற்ற நாளுக்கு உறைந்த தட்டுகளைச் சேர்த்துக் கொடுத்துவிடுகிறோம். பனிப்புயலுக்கு முன்னால் கெடாத டப்பாக்களும் ஒரு பெட்டி. ஆள் ஏன் வரவில்லை என்றால், பெட்ரோல். தொழில் விஷயமாகக் கார் ஓட்டினால் வரித்துறை 2025-இல் மைலுக்கு 70 சென்ட் வரிக் கழிவு தந்தது. தொண்டுக்கு ஓட்டினால் 14 சென்ட். 1998-லிருந்து அதே 14, சட்டத்திலேயே எழுதி வைத்திருப்பதால் வரித்துறையே நினைத்தாலும் ஏற்ற முடியாது. அதையும் 2025-இல் செலவுகளைத் தனித்தனியாகப் பட்டியலிட்டு வரி கட்டியவர்கள்தான் எடுக்க முடிந்தது, எங்கள் ஐந்து பேரில் யாரும் அப்படி இல்லை. 42 மைலுக்கு ஐந்து டாலர் 88 சென்ட் என்று கணக்குப் போட்டு, கிழித்துப் போட்டுவிட்டேன்.

மூன்று வருடக் கெடு இந்த ஜூலையில் முடிகிறது. டல்லாஸில் இருந்து ஒரு வேலை வாய்ப்பு வந்திருக்கிறது, தமிழ்ப் பள்ளி, கோயில், வெண்டைக்காய் எல்லாம் இருக்கும் ஊர். முடிவு செய்யவில்லை. ரூட்டில் யாரிடமும் இதைச் சொல்லவில்லை. சிற்றூர், அதற்குள் தெரிந்திருக்கும்.

போன செவ்வாய், ஏழாவது வீடு. கார் நின்றதும் பையன் பெல்ட்டைத் தானே கழற்றிக்கொண்டு தொட்டியை நோக்கி ஓடினான். அவனுக்கு ஐந்து வயது ஆகப்போகிறது, எண் படிக்கத் தெரியும், எட்டத்தான் எட்டாது. தாத்தா அதற்காகப் பால் கறக்கும் பழைய முக்காலி ஒன்றைத் தொட்டிக்குப் பக்கத்தில் போட்டு வைத்திருக்கிறார். ஏறி, மூடியைத் தூக்கி, மூக்கை உள்ளே விட்டுப் பார்த்துவிட்டு, "அம்மா, அறுபதைத் தாண்டிடுச்சு!" என்று கத்தினான்.

தாத்தா கதவை முழுதாகத் திறந்துகொண்டு நின்றார். "என்ன சொல்கிறான்?"

"சிக்ஸ்டி டூ" என்றேன்.

"தொண்ணூறு கேலன் போன மாதம்தான் போட்டேன், சரியாகத்தான் இருக்கும்" என்றவர், தட்டை வாங்கி முகர்ந்து பார்த்தார். "மறுபடியும் மீட்லோஃபா?"

மறுபடியும் மீட்லோஃப்தான்.